விசிலுக்குக் கட்டுப்பட்ட டிரங்க் லைன்

1957 வாக்கில் அமெரிக்காவில் ஒரு சிறுவன் தொலைபேசியைக் காதில் வைத்தபடி விசில் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொட்டதும் மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த பதிவுக் குரல் சட்டென நின்றது. இன்னொரு தடவை அடித்தான், அப்போதும் நின்றது. அவர் பெயர் ஜோ எங்கிரெஸ்ஸியா. பிறவியிலேயே பார்வையில்லை, எந்தச் சுரத்தையும் காதாலேயே துல்லியமாகப் பிடித்துவிடுவார். அன்று அவர் தொட்டது நொடிக்கு 2600 அதிர்வு.

அந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது? ஊருக்கு ஊர் போகும் இணைப்புக்கு டிரங்க் என்று பெயர். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த தலைமுறைக்குப் பழகிய சொல். ஒரு டிரங்க் காலியா, யாரேனும் பேசுகிறார்களா என்று இருமுனை எக்ஸ்சேஞ்சுகளும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கெனத் தனிப் பாதை போடுவது செலவு. ஆகவே அமெரிக்கத் தொலைபேசி வலையை நடத்திய பெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் பேச்சு போகும் பாதையிலேயே கட்டளையையும் அனுப்பினார்கள். டிரங்க் காலியாக இருக்கும்வரை அதில் 2600 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 2600 அதிர்வு) ஒலி விடாமல் ஒலிக்கும். அழைப்பு வந்தால் நிற்கும். ரிசீவரை வைத்தால் திரும்ப ஒலிக்கும். மனிதப் பேச்சில் பல அதிர்வெண்கள் கலந்தே வரும், 2600 மட்டும் தனித்து வருவது அரிது, அதனால் கருவி ஏமாறாது என்பது அவர்கள் கணக்கு. விசில் கிட்டத்தட்ட ஒற்றை அதிர்வெண் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை வைத்துச் சிலர் வெளியூர்களுக்கு இலவசமாகப் பேசினார்கள். எப்படி? முதலில் கட்டணமில்லாத 800 எண் ஒன்றை அழைப்பார்கள். இணைப்பு போகும்போதே 2600 ஹெர்ட்ஸ் ஒலியை விடுவார்கள். தூரத்து எக்ஸ்சேஞ்சு, "ஆள் வைத்துவிட்டார்" என்று நினைத்து டிரங்கை விடுவிக்கும். ஒலி நின்றதும் புது அழைப்பு வருவதாக எண்ணி, எண்களுக்குக் காத்திருக்கும். உள்ளூர் எக்ஸ்சேஞ்சுக்கு இதெல்லாம் தெரியாது. ரிசீவர் இன்னும் எடுத்தபடியே இருப்பதால் பழைய 800 அழைப்பு தொடர்வதாகவே அது குறித்துக்கொள்ளும். பிறகு எண்களை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஒவ்வோர் எண்ணும் இரண்டு சுரங்களின் கூட்டு. 700 ஹெர்ட்ஸும் 900 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் 1, 700-உம் 1100-உம் சேர்ந்தால் 2. இந்தப் பட்டியலை 1960-இல் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழே அச்சிட்டிருந்தது! அந்தச் சுரங்களை எழுப்பும் சிறு கருவிதான் 'புளூ பாக்ஸ்'. ஆப்பிளுக்கு முன்னால் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் விற்ற பொருள் இதுதான்.

இப்படித் தொலைபேசி வலைக்குள் விளையாடியவர்களை ஃபோன் ஃப்ரீக் என்றார்கள். அவர்களில் பலருக்குக் காசை மிச்சம் பிடிப்பது பெரிதாகத் தோன்றவில்லை. பார்வையற்ற இளைஞர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். முகம் பார்க்காமலே நட்பு பழக அவர்களுக்கு அந்த வலையே வீதியாகவும் திண்ணையாகவும் இருந்தது.

பெல் நிறுவனம் என்ன செய்தது? இப்படி இலவசமாகப் பேசுபவர்களைப் பிடிக்க, 1964 முதல் 1970 வரை 'கிரீன்ஸ்டார்' என்ற பெயரில், சில பெருநகரங்களின் டிரங்குகளில் ரகசியக் கருவிகளைப் பொருத்தியது. 3.3 கோடி அழைப்புகள் கண்காணிக்கப்பட்டன. 15 லட்சத்துக்கும் மேற்பட்டவை ஒலிப்பதிவாயின. பேசியவர்களில் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். நீதிமன்ற அனுமதி இல்லை, சந்தாதாரருக்கு அறிவிப்பும் இல்லை. 1975-இல் செய்தித்தாள் வழியாகத்தான் ஊருக்குத் தெரிந்தது. தான் விட்ட ஓட்டைக்கு ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்டது பெரும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். விசில் அடித்தவனால் நிறுவனத்துக்கு வருமானம் குறைந்தது. ஒலிநாடா யாரிடம் எதைப் பறித்தது என்று அந்த 15 லட்சம் அழைப்புகளில் பேசியவர்களுக்கே தெரியாது.

1976 முதல் கட்டளைகள் தனித் தரவுப் பாதைக்கு மாறத் தொடங்கின. அந்தப் பாதையில் பேச்சு நுழையவே முடியாது. நோய் மட்டும் வேறு உடம்புகளில் தொடர்கிறது. இணையப் படிவத்தில் பெயர் கேட்கும் கட்டத்தில் தரவுத்தளக் கட்டளையை எழுதிக் களவாடுகிறார்களே, அதுவும் இதே கதை. தரவும் கட்டளையும் ஒரே வழியில் வந்து, எது எதுவென்று கருவிக்குப் பிரித்தறியத் தெரியாமல் போவது.

அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் 2600-க்குக் கடைசியாகக் கட்டுப்பட்ட எக்ஸ்சேஞ்சு மினசோட்டா மாநிலத்தின் வவீனா என்ற சிற்றூரில் இருந்தது. 2006 ஜூன் 15 அன்று அதையும் மாற்றினார்கள்.