அட்டை வயிற்றில் இருக்கும் காட்டுக் கணக்கு

ஆடி மாதத்தில் பொள்ளாச்சிச் சமவெளிக்குக் காற்று நிறைய வரும், மழை கொஞ்சம்தான் வரும். மிச்ச மழையை ஆனைமலை வாங்கிக்கொள்கிறது. அந்த ஈரத்தில் டாப்சிலிப் பக்கம் கரியன்சோலையிலோ வால்பாறைச் சோலைகளிலோ நடப்பவர் யானையைப் பார்க்கிறாரோ இல்லையோ, அட்டையைக் கண்டிப்பாகப் பார்ப்பார். பெரும்பாலும் உப்பைக் கொட்டிவிட்டு அருவருப்போடு நகர்ந்துவிடுகிறோம். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தக் காட்டில் என்னென்ன விலங்கு நடமாடுகிறது என்பதற்கு அட்டையைப் போல நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

கூட வரும் வழிகாட்டி அனுமதித்தால் பாதையில் ஒரு நிமிடம் நின்று காலடியைப் பாருங்கள். சருகின் விளிம்பில் தீக்குச்சி கனத்தில் பழுப்பாக ஒன்று எழுந்து நிற்கும். பின்பக்க உறிஞ்சியால் இலையைக் கவ்விக்கொண்டு, முன்பக்கத்தைக் காற்றில் இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவும். தலையில் 5 ஜோடி கண்கள் இருந்தாலும் நம் உருவம் அதற்குத் தெரியாது. வெளிச்சம் மாறுவது தெரியும். தரையின் அதிர்வு, உடம்புச் சூடு, நாம் விடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, இவைதான் அதற்குத் துப்பு. திசை பிடிபட்டதும் முன்வாயை ஊன்றி, பின்பக்கத்தை அதன் அருகே இழுத்து, மறுபடி முன்வாயை நீட்டி, விரலால் சாண் போட்டு அளப்பதுபோல வந்து சேரும். வரிசையில் முதலில் போகிறவர் எழுப்பிவிட்ட அட்டை பின்னால் வருகிறவர் காலில் ஏறுகிறது என்று காட்டில் நடப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

வாய்க்குள் நுண்ணிய பற்கள் வரிசையிட்ட மூன்று தாடைகள். கடித்த இடத்தில் மூன்று சிறு கீறல்கள் நடுவில் ஒன்றுசேர்ந்திருக்கும். அப்புறம்தான் அதன் உண்மையான கெட்டிக்காரத்தனம் தொடங்குகிறது. நமக்குக் காயம் பட்டால் ரத்தத்தில் த்ராம்பின் என்ற நொதி உருவாகி, கரைந்திருக்கும் ஒரு புரதத்தை நார்நாராக மாற்றிவிடும். நார் பின்னிக்கொண்டால் ரத்தம் உறைந்துவிடும். உறைந்தால் அட்டைக்குச் சாப்பாடு கிடையாது. அதனால் அதன் எச்சிலில் த்ராம்பினையே போய்ப் பற்றிக்கொண்டு செயலிழக்க வைக்கும் ஒரு புரதம் இருக்கிறது. குளத்து அட்டையில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதை 1884-ல் ஜான் ஹேக்ராஃப்ட் கண்டறிந்தார். அதற்குப் பின்னாளில் ஹிருடின் என்று பெயர் வந்தது. இந்தியக் காட்டு அட்டையான ஹீமாடிப்ஸா சில்வெஸ்ட்ரிஸிலிருந்து அதே வேலையைச் செய்யும் ஹீமாடின் என்ற புரதம் 1993-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அட்டை விழுந்த பிறகும் சாக்ஸ் நனைவது இதன் கைங்கரியம். பயப்பட வேண்டாம், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

கடிக்கும்போதே பார்த்துவிட்டால் பிய்த்து எறியாதீர்கள், உப்பும் தீக்குச்சியும் வேண்டாம். மிரண்டால் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். ஒல்லியாக இருக்கும் வாய்ப்பக்கத்தில் நகத்தை நுழைத்துப் பக்கவாட்டில் நெம்பினால் பிடி விட்டுவிடும்.

சரி, சாட்சி விஷயத்துக்கு வருவோம். அட்டை தன் எடையைப் போலப் பல மடங்கு ரத்தம் குடித்துவிட்டு, மாதக்கணக்கில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கும். அவ்வளவு நாளும் அந்த ரத்தத்தில், அது யாருடையது என்று சொல்லும் டிஎன்ஏவும் மிஞ்சியிருக்கும். ஆட்டு ரத்தம் கொடுத்து வளர்த்த அட்டைகளில் 4 மாதம் கழித்தும் ஆட்டின் டிஎன்ஏ கிடைத்ததை 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் வியட்நாமின் அன்னமைட் மலைக்காட்டு அட்டைகள் 25-ஐச் சோதித்தபோது, 21-ல் பாலூட்டிகளின் டிஎன்ஏ இருந்தது. மனிதக் கண்ணில் அபூர்வமாகவே படும் வரிமுயல் ஒன்றும் அதில் சிக்கியது.

அதைவிடப் பெரிய வேலை சீனாவின் ஐலாவோஷான் காப்புக்காட்டில் நடந்தது. வனக்காவலர்கள் ரோந்து போகும்போதே பிடித்துச் சேர்த்த 30,468 அட்டைகளிலிருந்து 86 முதுகெலும்பு விலங்கினங்கள் தெரியவந்தன. முடிவுகள் 2022-ல் வெளியாயின. எனக்குப் பிடித்தது எண்ணிக்கை அல்ல, அதிலிருந்து கிடைத்த வரைபடம்தான். ஆடுமாடுகளின் ரத்தம் காட்டோரத்து அட்டைகளில் அதிகம். கடமானும் கரடியும் உள்காட்டில். எந்த எல்லை வரை மேய்ச்சல் போகிறது, எங்கிருந்து காடு காடாக இருக்கிறது என்பதை அட்டைகளே வரைந்து கொடுத்துவிட்டன. தானியங்கிக் கேமராவில் தவளை பதிவாவது அரிது. அட்டையோ தவளையையும் விடுவதில்லை.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சோலை மிஞ்சியிருக்கும் வால்பாறை போன்ற இடத்துக்கு இந்த வழி மிகவும் பொருந்தும். முயல் அளவே இருக்கும் சருகுமான் இரவில் அசைந்தால்கூடக் கண்ணில் படாது; எந்தத் துண்டில் அது இன்னும் இருக்கிறது என்று கேட்க அங்கேயே பிறந்து வளர்ந்த அட்டையை விட்டால் நல்ல ஆள் ஏது? காட்டு மாட்டுக்கும் கடமானுக்கும் இது பொருந்தும். மரத்தைவிட்டு அதிகம் இறங்காத சோலைமந்திக்கு அவ்வளவாகப் பொருந்தாது, ஏனென்றால் நம்மூர்க் காட்டு அட்டை பெரும்பாலும் தரையிலும் தாழ்ந்த செடியிலும்தான் காத்திருக்கும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அட்டை தோலால் மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். பங்குனி, சித்திரையில் மண்ணுக்குள்ளும் கல்லடியிலும் பதுங்கிவிடும் என்பதால், கணக்கெடுக்கப் போகிறவர் மழை விழும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.