இலேசான துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும்

என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிள் (இந்த எண் குண்டின் குறுக்களவு, தோராயமாக அங்குலத்தில்) சுட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சொல்வார்கள். 'கட்டையைத் தோளோடு இறுக்கிப் பிடி, உதைக்கும்' என்று ஹவில்தார் அத்தனை மிரட்டியிருப்பார். விசையை இழுத்தால் 'டப்' என்று ஒரு சத்தம், தோளில் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான்.

அதே .22 தோட்டாவை உள்ளங்கையில் அடங்கும் ரிவால்வரில் போட்டுச் சுட்டால் கை துள்ளுவது தெரியும். அதே அளவு ரிவால்வரில் .38 தோட்டாவைச் சுட்டால், முதல்முறை சுடுகிறவர் இரண்டாவது குண்டுக்கு முன் ஒரு கணம் யோசிப்பார்.

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்குவது சர்வ சாதாரணமான அமெரிக்காவில் ஒரு பழக்கம் உண்டு. கடைக்கு வருபவர் பெண்ணாகவோ, கை நடுங்கும் முதியவராகவோ இருந்தால், கடைக்காரர் இருப்பதிலேயே சின்னதாக, இலேசாக இருக்கும் ரிவால்வரை எடுத்து நீட்டுவார். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சுடக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்வதும் இதற்காகத்தான். நியூட்டனும் அவர்கள் கட்சிதான்.

குண்டு முன்னால் போகிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. இரண்டுக்கும் உந்தம் ஒன்றே, திசைதான் எதிர். உந்தம் என்பது நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு. .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு சுமார் 10 கிராம். குட்டைக் குழலிலிருந்து அது நொடிக்கு 215 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இதோடு கணக்கு முடிவதில்லை. எரிந்த வெடிமருந்தும் வாயுவாகி அதே குழல் வழியேதான் வெளியே பாய்கிறது. எடை கால் கிராம் சொச்சம்தான், ஆனால் வேகம் நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல். தோட்டத்து ஓஸ் பைப்பில் தண்ணீரை முழுவேகத்தில் திறந்துவிட்டால் பாம்பாக நெளிகிறதே, அதே தள்ளல்தான். .38-இல் மொத்த உந்தத்தில் எட்டில் ஒரு பங்கு இந்த வாயுவுடையது. மருந்து அதிகம் திணித்த .357 மேக்னத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும்.

இந்த உந்தம் ஒரு கிலோ எடையுள்ள எஃகு ரிவால்வரைத் தள்ளினால், அது நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் 'ஏர்வெயிட்' ரகம் அலுமினியச் சட்டம் கொண்டது. எடை சுமார் 410 கிராம். அதே தோட்டா அதை நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் தள்ளும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக எஃகு ரிவால்வரில் 3 ஜூல், ஏர்வெயிட்டில் ஏறக்குறைய 8 ஜூல். தோட்டா ஒன்றுதான், மாறியது துப்பாக்கியின் எடை மட்டும்.

ஜூல் என்றால் மனதில் ஒன்றும் தோன்றாது. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து உள்ளங்கையில் போட்டால் அந்த 8 ஜூல். எஃகு ரிவால்வரின் உதை, ஒரு சாணும் சில விரற்கடையும் உயரத்திலிருந்து விழும் பாக்கெட். 335 கிராம் எடையில் .357 மேக்னம் சுடும் குட்டி ரிவால்வர்களும் விற்கின்றன. அதற்கு என் தோராயக் கணக்கில் பாக்கெட்டை 3 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மொட்டை மாடியிலிருந்து போட வேண்டும். ஒருமுறை பிடித்துவிடலாம். ஐந்துமுறை பிடிக்க யாரும் கை நீட்டமாட்டார்கள்.

(சினிமாவில் குண்டடி பட்டவர் பறந்துபோய்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவாரே, அதையும் இந்தக் கணக்கிலேயே முடித்துவிடலாம். .38 குண்டின் உந்தம் முழுவதும் 70 கிலோ ஆள்மீது இறங்கினாலும் அவருக்குக் கிடைப்பது நொடிக்கு 3 சென்டிமீட்டர் வேகம். அவர் பறந்தால் சுட்டவரும் எதிர்ப்பக்கம் பறக்க வேண்டும்.)

சரி, எடை மட்டும்தானா விஷயம்? இல்லை. ரிவால்வரில் தோட்டாக்களை அறை அறையாக வைத்துச் சுழலும் உருளைதான் சிலிண்டர்; அதன் உச்சியில் இருக்கும் அறைதான் சுடுகிறது. ஆகவே குழல், பிடித்த கையைவிடச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. தள்ளல் மேலே, தாங்கும் கை கீழே. கழற்றி நிறுத்திய கதவின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு மேல்முனையைத் தள்ளினால் சாய்வதைப் போல, துப்பாக்கி நேராகப் பின்வாங்காமல் மூக்கைத் தூக்குகிறது. இத்தாலியின் சியாப்பா நிறுவனம் செய்யும் 'ரைனோ' ரிவால்வரில் எமிலியோ கிசோனி என்ற வடிவமைப்பாளர் இதைத் தலைகீழாக்கினார். அதில் சிலிண்டரின் அடியில் இருக்கும் அறைதான் சுடும். குழல் கைக்கு நேராக இறங்கிவிடுவதால் மூக்கு தூக்குவது வெகுவாகக் குறைகிறது. பார்க்க அழகாக இல்லை என்பது என் கருத்து. ஆனால் வேலை செய்கிறது.

ரைனோ இல்லாதவர்கள் கைப்பிடியை எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடித்தால் பாதிப் பலன் கிடைக்கும். பிடியின் மேலுறையும் முக்கியம். மெல்லிய மரப்பிடி உதையை ஒரே இடத்தில், ஒரே குத்தாகக் கட்டைவிரல் மூட்டில் இறக்கும். தடித்த ரப்பர் பிடி அதே உந்தத்தைக் கொஞ்சம் அதிக நேரத்துக்கும், அதிகப் பரப்புக்கும் பரப்பிவிடும். உந்தம் குறைவதில்லை, வலி குறைகிறது. சட்டைப்பையில் ஒளித்து வைக்க வேண்டும் என்று பிடியைச் சின்னதாக்கும்போது இந்த வசதியும் போய்விடுகிறது.

உதை குண்டைத் திசை திருப்புவதில்லையா என்று கேட்கலாம். கொஞ்சம் திருப்பும், அதைக் கணக்கில் வைத்துத்தான் குறிமுள்ளைப் பொருத்துகிறார்கள். குட்டைக் குழலை விட்டுக் குண்டு வெளியேற ஓரிரு மில்லிநொடிகூட ஆகாது. 'உதைத்துவிட்டது' என்று மூளை உணர அதைப்போல நூறு மடங்கு நேரம் வேண்டும். அப்படியானால் உதைக்குப் பயந்தவர் ஏன் குறி தவறுகிறார்? அவர் உதைத்த பிறகு அசைவதில்லை, உதைக்கும் முன்பே அசைகிறார். முந்தைய குண்டின் வலியை நினைவில் வைத்திருக்கும் கை, விசையை இழுக்கும்போதே குழலைக் கீழே அமுக்கிவிடுகிறது. ஊசி போடப்போகும் நர்ஸைப் பார்த்ததும் தோள்பட்டை விறைப்பது மாதிரி. இதில் சத்தத்துக்கும் பங்கு உண்டு. குட்டைக் குழல் ரிவால்வரின் ஓசை 150 டெசிபெலைத் தாண்டக்கூடியது. காதை நன்றாக அடைத்துக்கொண்டு பழகினால் அதே துப்பாக்கி 'கொஞ்சம் மென்மையாகிவிட்டது' என்று பலரும் சொல்கிறார்கள்.

இனி தோட்டாவுக்கு வருவோம். உதையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வருவது .22. குண்டு 2.6 கிராம்தான். 420 கிராம் ரிவால்வரில்கூட உதை முக்கால் ஜூலைத் தாண்டாது. உப்புப் பாக்கெட் கணக்கில் நான்கு விரற்கடை உயரம். பிறகென்ன, இதையே வாங்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். .22 தோட்டாவில் பற்றவைக்கும் ரசாயனம் அடிப்பகுதியின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. விளிம்பு முழுக்க அது சமமாகப் பரவாமல் ஒரு பக்கம் விட்டுப்போனால், சுத்தியல் அடிக்கும் இடத்தில் ஒன்றுமே இருக்காது. 'டிக்' என்று ஓய்ந்துவிடும். பெரிய தோட்டாக்களில் நடுவில் தனியாக ஒரு மூடி வைத்து ரசாயனத்தை அடைப்பதால் அவை நம்பகமானவை. ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும் என்பது ஆறுதல்தான்.

ஆனால் அந்த விசை இருக்கிறதே! விளிம்பை நசுக்கிப் பற்றவைக்கச் சுத்தியல் வலுவாக அடிக்க வேண்டும். அதற்கு ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும். அதனால் .22 ரிவால்வர்களின் விசை பெரும்பாலும் .38-ஐவிடக் கனமானது. விசையை இழுக்கும் ஒரே இழுப்பில் சிலிண்டரைச் சுழற்றி, சுத்தியலைத் தூக்கி, அடிக்கவும் வைக்கும் ரிவால்வர்களில் 5 கிலோ எடையைத் தூக்கும் பலம் சுட்டுவிரலுக்கு வேண்டும். அதுவும் அரைக் கிலோகூட இல்லாத துப்பாக்கியை அசையாமல் பிடித்துக்கொண்டு. மூட்டுவலி உள்ள பாட்டிக்கு உதை குறைவான .22-ஐ வாங்கிக் கொடுத்தால், அவரால் விசையையே முழுதாக இழுக்க முடியாமல் போகலாம். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. உதையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

நடுவில் ஒன்று இருக்கிறது: .32. எனக்குப் பிடித்ததும் இதுதான். .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்ற தோட்டா 1896-இல் வந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் அப்போது நியூயார்க் போலீஸ் வாரியத்தின் தலைவர். போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு துப்பாக்கி வைத்திருந்ததை மாற்றி, கோல்ட் நிறுவனத்தின் .32 ரிவால்வரைப் பொதுவாக்கினார். பிறகு .38 வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. ஆனால் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் .32-ஐக் கைவிடவில்லை. 25 மீட்டர் சென்டர் ஃபயர் (நடுவில் பற்றும் தோட்டா) பிஸ்டல் பிரிவில் இன்றும் பலர் சுடுவது இந்தத் தோட்டாவைத்தான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்ற பிரிவு அது.

குண்டு ஆறேகால் கிராம். அரைக் கிலோ ரிவால்வரில் உதை இரண்டேகால் ஜூல், சரியாக ஒரு சாண். 700 கிராம் ரிவால்வரில் அதிலும் குறைவு. குண்டு ஒல்லியாக இருப்பதால், ஐந்து .38 அடங்கும் சிலிண்டரில் ஆறு .32 அடங்கும். இன்னொரு வசதி, அடுக்கு. 1984-இல் .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னமும், 2008 வாக்கில் .327 ஃபெடரல் மேக்னமும் வந்தன. குறுக்களவு அதேதான், நீளம் மட்டும் படிப்படியாகக் கூடும். .327 ரிவால்வர் ஒன்றை வாங்கினால், மென்மையான பழைய .32-இல் பழகி, கை தாங்கும் அளவுக்கு மேலே ஏறலாம். தலைகீழாகச் செய்ய முடியாது. நீளமான தோட்டா பழைய சிலிண்டருக்குள் முழுதாக நுழையாது. நுழையக் கூடாது என்றுதான் அப்படி நீட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் .32 பரவலானதற்குக் காரணம் இயற்பியல் இல்லை, சட்டம். 9 மி.மீ., .455, .45 போன்ற படைத்துறைத் தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகள் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் தடைசெய்யப்பட்ட ரகம். உரிமம் பெற்ற குடிமக்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் .32. கான்பூரில் அரசு ஆயுதத் தொழிற்சாலை செய்த .32 ரிவால்வர், பிரிட்டனின் வெப்ளி வடிவத்தின் வாரிசு. 2014 ஜனவரியில் அங்கிருந்தே 'நிர்பீக்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். டைட்டானியம் உலோகக் கலவை, சுமார் அரைக் கிலோ எடை, பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள. விலை ஏறத்தாழ 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். 2012 டெல்லிக் கொடுமையில் இறந்த மாணவிக்கு ஊடகங்கள் வைத்த 'நிர்பயா' என்ற பெயரின் எதிரொலியாக வைத்த பெயர் என்பதால் அப்போதே கண்டனம் எழுந்தது. அந்த விலையில் யாருக்குப் பாதுகாப்பு என்ற கேள்வியும் எழுந்தது, நியாயமாகவே. பொறியியலை மட்டும் பார்த்தால், டைட்டானியம் பையைச் சுமக்கும் தோளுக்குச் செய்த உபகாரம். சுடும் கைக்கு உபகாரம் செய்தது .32 தோட்டா.

மிக இலேசான ரிவால்வர்களில் இன்னொரு வேடிக்கை நடக்கும். துப்பாக்கி சடாரென்று பின்னால் பாயும்போது, இன்னும் சுடப்படாத தோட்டாக்களின் பித்தளை உறையும் அதோடு சேர்ந்து பாய்கிறது. உள்ளே செருகியிருக்கும் குண்டோ நிலைமம் காரணமாக இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பஸ் திடீரெனக் கிளம்பினால் நின்றிருப்பவர் பின்னால் சாய்வதைப் போல. இரண்டு மூன்று தடவை சுட்டதும் குண்டு உறையை விட்டு முன்னால் நழுவி, சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டி, சுழலவே விடாமல் தடுத்துவிடும். ரிவால்வர் சிக்காது என்று நம்பி வாங்கியவருக்கு நடுவில் இப்படி ஒரு முட்டுக்கட்டை.

உதை குறைந்தால் குண்டின் பலமும் குறையுமே என்றால், ஆமாம், குறையும். .38 குண்டு சுமந்து போவது சுமார் 235 ஜூல்; .32-க்கு 140; .22-க்கு 95. 1986-இல் மயாமியில் தன் ஆட்களைப் பலிகொடுத்த ஒரு துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஒரு அளவுகோல் வைத்தது. தசைக்கு நிகராகத் தயாரித்த ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும் என்பது அது. மெதுவான சின்னக் குண்டு பட்டதும் விரியும் வகையாக இருந்தால், விரிவதிலேயே ஆற்றலைச் செலவழித்து முன்னதாகவே நின்றுவிடலாம். அதனால் .32-க்கும் .22-க்கும் விரியாத கெட்டிக் குண்டே மேல் என்பார்கள்.

எந்த எடை, எந்தத் தோட்டா என்று காகிதத்தில் எவ்வளவு கணக்குப் போட்டாலும், கையின் பதிலைத் தெரிந்துகொள்ள ரிவால்வரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. சுடுதளத்தில் ஆசிரியர் சில அறைகளில் மட்டும் உண்மைத் தோட்டாவும் மற்றவற்றில் போலித் தோட்டாவும் போட்டு, சிலிண்டரைச் சுழற்றி மூடித் தருவார். எது எங்கே என்று சுடுபவருக்குத் தெரியாது. குறிபார்த்து விசையை இழுக்கிறார், போலி வருகிறது, 'டிக்'. சத்தமும் இல்லை, உதையும் இல்லை. ஆனாலும் குழலின் முனை சடாரென்று கீழே குனிந்தால், அந்தக் குனிவு முழுக்கக் கையினுடையது. அப்போது ஆசிரியர் அதை வாங்கிவைத்துவிட்டு, இன்னும் நூறு இருநூறு கிராம் கனமானதையோ, ஒரு படி கீழான தோட்டாவையோ எடுத்துவந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.