உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவர்களை நிற்க வைக்கிறார்கள்

தீபாவளி முடிந்த அடுத்த வாரம், பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். கால் வீக்கம், குதிகால் வலி, இடுப்பு வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல். எல்லோரும் பெண்கள். பெரும்பாலும் 18 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருப்பார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: “துணிக்கடைல சேல்ஸ்.” எம்.சி. ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் நாம் ஆடித் தள்ளுபடியில் ஆரம்பித்து தீபாவளிக்கு முந்தைய இரவு வரை துணி எடுத்து முடித்திருப்போம். அவர்களுக்கு அதன் பிறகுதான் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் லீவு கிடைத்திருக்கும்.

உழைப்பவருக்கு நியாயமான விலையும் கூலியும் கிடைக்கும்படி வாங்குவதை நியாய வணிகம் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது காபியும் சாக்லேட்டும்தான். 1988இல் நெதர்லாந்தில், மெக்சிகோ விவசாயிகளின் காபிப் பொட்டலத்தில் ஒட்டிய ‘மாக்ஸ் ஹவலார்’ முத்திரையில் தொடங்கிய இயக்கம் அது. சந்தை விலை சரிந்தாலும் விவசாயிக்கு ஒரு குறைந்தபட்ச விலை உண்டு. அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையும் வரும். அதை என்ன செய்வது என்று விவசாயிகள் கூடி முடிவெடுப்பார்கள். நல்ல ஏற்பாடு. எனக்கு அதன்மீது மரியாதை உண்டு. ஆனால் அந்த முத்திரை, பொருளை விளைவித்தவரைப் பற்றித்தான் பேசுகிறது, விற்பவரைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் பகுதியில் யாரும் முத்திரை போட்ட காபி வாங்குவதும் இல்லை. நைட்டி, பள்ளி யூனிஃபார்ம், கல்யாணச் சேலை, ஆரி ஒர்க் போட்ட பிளவுஸ் இவைதான் வாங்குகிறோம். இவற்றுக்குப் பின்னால் இருப்பவர்களின் காலையும் கையையும் நான் தினமும் பார்க்கிறேன். அதனால் அங்கிருந்தே பேசுகிறேன்.

முதலில் கால். அசையாமல் நிற்கும்போது கணுக்காலில், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாயில் (சிரையில்) அழுத்தம் ஏறக்குறைய 90 மி.மீ. பாதரசம் இருக்கும். நடக்க ஆரம்பித்தால் அது 30 அளவுக்கு, சிலருக்கு அதற்கும் கீழே, இறங்கிவிடும். தெருவில் அடிபம்பு அடித்தால்தான் தண்ணீர் மேலே ஏறுகிறது இல்லையா, கெண்டைக்கால் தசையும் அப்படித்தான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கவுன்டருக்குப் பின்னால் ஒரே இடத்தில் நிற்பவருக்கு அந்தத் தசை வேலை செய்வதே இல்லை. ரத்தம் கீழேயே தேங்கும். குழாய்களுக்குள் இருக்கும் வால்வுகள் நாளடைவில் தளர்ந்துபோகும். முதலில் சாயங்காலமானால் கால் கனக்கும். பிறகு நரம்பு புடைத்துத் தெரியும். பிறகு கணுக்காலின் உட்பக்கம் தோல் கருத்து, அரிக்கும். சொறிந்த இடம் புண்ணாகும். அது லேசில் ஆறாது.

இப்படி ஒரு புண்ணோடு வந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். முப்பதைத் தாண்டிய பெண், இரண்டு பிள்ளைகள். ஒரு பெரிய கடையின் சேலைப் பிரிவில் காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வருவார். மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பைப் பல மாதமாகத் தடவியிருக்கிறார். நான் கட்டுப்போட்டு, இறுக்கமான மருத்துவக் காலுறை எழுதிக்கொடுத்தேன். நல்ல காலுறை ஒரு ஜோடிக்கு அவருடைய சில நாள் சம்பளம் போய்விடும். உட்காரும்போது காலைத் தூக்கி உயரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“எங்க வெக்கறது டாக்டரம்மா? அங்க குந்தவே உடமாட்டாங்க.”

மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும் என்று லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது அந்தக் காகிதம் நாலாக மடித்தபடி பர்சிலேயே இருந்தது. காட்டினால் ‘உடம்பு முடியாத ஆள்’ என்று கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயம் நியாயமானது. எங்கள் தெருக்களில் அப்படி அனுப்பப்பட்டவர்களை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உட்காருவது சலுகை கிடையாது. அது சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றம் அதில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும் வகையில் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கேரளம் இதை 2018இலேயே செய்துவிட்டது. அங்கே இது தானாக வந்துவிடவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில், விஜி என்ற தையல் தொழிலாளி முன்னின்று உருவாக்கிய பெண்கூட்டு என்ற அமைப்பு போராடிப் பெற்றது. அந்தப் பெண்கள் முதலில் கேட்டது நாற்காலியைக்கூட இல்லை, கழிப்பறையை.

அது எனக்கு நன்றாகப் புரிகிறது. சிறுநீர்த் தொற்றோடு வரும் சேல்ஸ் பெண்களிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் மாடி ஏறி, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கூட்ட நாளில் அதுவும் முடியாது. மாதவிடாய் நாட்களில் காலையில் வைத்த நாப்கினை இரவு வீட்டுக்குப் போய்த்தான் மாற்றுகிறார்கள். அடங்காத எரிச்சல், அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல் என்று வந்து நிற்கும்போது தொற்று சில சமயம் சிறுநீரகம் வரை ஏறியிருக்கும். மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். அடுத்த ஆடி மாதம் திரும்பவும் வருவார்கள்.

சட்டம் இருந்தும் ஏன் ஸ்டூல் போடவில்லை என்று, தெரிந்த கடைக்காரர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன். அவர்களில் கெட்ட மனிதர்கள் யாரும் இல்லை. எனக்குக் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. “கஸ்டமர் உள்ள வரும்போது பொண்ணு உக்காந்திருந்தா மரியாதையா இருக்காது மேடம். கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க.”

அந்த கஸ்டமர் நீங்களும் நானும்தான். நம் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பெண்ணைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. நாமும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிலைமை மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைக்காரர் லேபர் இன்ஸ்பெக்டருக்கு எப்போதாவதுதான் பதில் சொல்ல வேண்டும். நமக்கு தினமும் சொல்ல வேண்டும்.

ஆனால் சொல்லும் இடம் முக்கியம். அந்தப் பெண்ணிடமே, சூப்பர்வைசர் காதில் விழும்படி “ஏம்மா நின்னுட்டே இருக்க, உக்காரேன்” என்று சொல்லாதீர்கள். மறுநாள் திட்டு வாங்குவது அவர்தான். சேலையை எடுத்து, கல்லாவில் பணம் கட்டும்போது முதலாளியிடமோ மேனேஜரிடமோ சொல்லுங்கள்: “ஸ்டாஃபுக்கு ஸ்டூல் போட்டுடுங்க சார், நாங்க ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டோம்.” யார் பெயரையும் எடுக்க வேண்டாம். பணம் கொடுக்கிற கையோடு சொல்லும் வார்த்தை அவர்கள் காதில் ஏறும். இரவு ஒன்பதரைக்கு மேல் போய் நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லாமல், பகலிலேயே போய் வருவதும் ஒரு உதவிதான். பிரித்தவற்றை மடித்து அடுக்கிவிட்டுத்தான் அவர் பஸ் பிடிக்க முடியும்.

அடுத்தது, கடைக்கு வெளியே இருக்கும் கை. சேலை எடுத்ததும் “ஃபால்ஸ் வெச்சு ஓரம் அடிச்சுக் குடுத்துடறோம், சாயங்காலம் வாங்கிக்குங்க” என்பார்கள். அந்தச் சேலை பெரும்பாலும் கடைக்குள் தைக்கப்படுவதில்லை. ஒரு பையன் பையில் திணித்துக்கொண்டு கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவான். காஜா, பட்டன் கட்டுவது, பிசிறு வெட்டுவது, ஆரி ஒர்க் எல்லாமே இப்படித்தான் வீடுகளுக்குப் போகின்றன. கணக்கு பீஸுக்கு இவ்வளவு. அதைச் சொல்பவர் கடைக்காரர்கூட இல்லை, நடுவில் ஒரு ஆள். வேலை செய்யும் பெண்ணுக்குப் பல சமயம் அது எந்தக் கடைக்குப் போகிறது என்றே தெரியாது. கரண்ட் பில், நூல், உடைந்த ஊசி எல்லாம் அவர் செலவு.

பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியை நாள் முழுக்கப் பிடிப்பவர்களுக்கு வரும் ஒரு வலி உண்டு. கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுரீரென்று இழுத்தால் அங்கே தசைநாண் உறை வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். டி கெர்வைன் என்று பெயர். ஆரம்பத்திலேயே வந்தால் கைக்குப் பட்டி போட்டு, ஓய்வு கொடுத்தால் சரியாகும். இவர்கள் ஆரம்பத்தில் வருவதில்லை. குழந்தையைத் தூக்க முடியவில்லை, குடத்தைப் பிடிக்க முடியவில்லை என்றான பிறகுதான் வருகிறார்கள். ஆரி ஒர்க் செய்பவர்களுக்குக் கழுத்தும் கண்ணும் போகிறது. ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய துணிமேல் குனிந்து, மங்கலான டியூப்லைட்டில், மணியும் ஜரிகையும் கோக்கிறார்கள். நாளைக்கு முகூர்த்தம், இன்றைக்கே வேண்டும் என்று நாம் பொட்டிக்கில் சொல்கிற அந்த ‘அர்ஜென்ட்’, அந்த வீட்டில் விடிய விடிய ஒரு பெண் குனிந்திருப்பதில் போய் முடிகிறது. அர்ஜென்டுக்குக் கடை கூடுதலாக வாங்கும் பணம் அவர் கைக்கு வருவதில்லை.

கல்யாண பிளவுஸை இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். முடிந்தால் வேலை செய்கிறவரிடமே நேராகக் கொடுங்கள். எங்கள் தெருக்களில் அவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. பேரம் பேச வேண்டாம். வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. எனவே, இப்போதைக்கு அவர்கள் கேட்கும் கூலியை மறுபேச்சில்லாமல் கொடுப்பதுதான் நம் கையில் இருப்பது.

இப்படிப்பட்ட கடைகளையே புறக்கணிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. நாம் போகாவிட்டால் முதலில் வேலை போவது அந்தப் பெண்ணுக்குத்தான். வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ஆயத்த ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மேலே போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அங்கே கட்டடப் பாதுகாப்பில் மாற்றம் வந்ததற்குக் காரணம், துணி வாங்கும் பெரிய கம்பெனிகளைத் தொழிற்சங்கங்கள் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்ததுதான். வாங்குவதை நிறுத்தாமல், வாங்குபவர் பொறுப்பேற்றதால் நடந்தது அது.

எங்கள் வட்டாரத்துக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த ஊர் வண்ணாரப்பேட்டை. கவர்னர் கோலெட் காலத்தில் நெசவாளர்களுக்காக உண்டானது காலடிப்பேட்டை. பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்களின் குறைகளை முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள். மத்தியானம் சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பது அந்தக் குறைகளில் ஒன்று. அவர்கள் போய் ஹோம் ரூல் இயக்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியாவிடம் சொல்ல, 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. திரு.வி.க.வும் அதில் முன்னின்றார். எம்.சி. ரோட்டு முதலாளிகள் இதைப் படித்தால், அந்த இரண்டு வியாபாரிகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முத்திரை பார்த்து வாங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சேலையை விற்பது சகஜம். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கை விற்பது. அங்கே எடுத்தால் யாரிடமிருந்து வந்தது என்ற குழப்பம் குறைவு. இருந்தாலும் எந்தக் கடையானாலும் உள்ளே ஸ்டூல் இருக்கிறதா என்று பார்ப்பதை விடாதீர்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் சேல்ஸ் பெண்களுக்கும் வீட்டில் தைப்பவர்களுக்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால், உங்கள் மாதச் சம்பளம் ரூ.21,000க்குள் இருந்தால், உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் உங்கள் பங்கு. பிடிக்கிறார்களா, நம்பர் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்கத் தயங்கினால் சம்பளச் சீட்டைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். நம்பர் இருந்தால் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலேயே சிகிச்சை எடுக்கலாம். எனக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் தைப்பவர்கள், 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால், தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் படிப்புக்கும், பிரசவத்துக்கும், பிறகு ஓய்வூதியத்துக்கும் அது உதவும்.

கடையில் நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்; அரை மணிக்கு ஒருமுறை, இருபது தடவை. யாரும் தடுக்க முடியாது. வீட்டுக்குப் போனதும் காலை இரண்டு தலையணைமேல் வைத்துக் கால் மணி நேரம் படுங்கள். சமையல் அதற்குப் பிறகு ஆகட்டும். கணுக்காலுக்கு மேல் தோல் கருத்து அரிக்கத் தொடங்கினால் களிம்பு தேடாமல், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவின் புறநோயாளிகள் பகுதிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அது வேறு விஷயம். ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும், லீவு கிடைக்காவிட்டாலும்.