பதிவேட்டில் ஆசிரியர் உண்டு, வகுப்பில் இல்லை

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப்பில் சேரும் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் நான் முதலில் சொல்லித் தருவது இயற்பியல் அல்ல, பின்னமும் அடுக்குகளும்தான். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே அதில் தடுமாறுகிறார்கள். விசாரித்தால், "ஒன்பதாவதுல கணக்கு சார் இல்ல சார்" என்பார்கள்.

ஆசிரியர் பற்றாக்குறை என்றதும் காலிப் பணியிட எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். அந்த எண்ணிக்கையில் வராத பற்றாக்குறை ஒன்று இருக்கிறது. சிறிய உயர்நிலைப் பள்ளியில் அறிவியலுக்கு ஒரே ஒரு பட்டதாரி ஆசிரியர் இருப்பார். அவர் தாவரவியல் படித்தவர் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் 23 அலகுகளில் முதல் 6 இயற்பியல், அடுத்த 5 வேதியியல். ஒளியியலையும் அணுக்கரு இயற்பியலையும் அவர்தான் நடத்தியாக வேண்டும். நடத்தவும் செய்கிறார், பாவம். ஆனால் கணக்கீடு வரும் இடங்களில் புத்தக வினாக்களோடு நின்றுவிடுவார். லென்ஸ் பெட்டி செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் வெளியே வரும். இதயத்தின் ரத்த ஓட்டத்தை நடத்தச் சொன்னால் என் கதையும் அதுதான்.

கணக்கு ஆசிரியரின் பாடு வேறு. தலைமையாசிரியர் பணியிடம் காலியாகி, பொறுப்பு இவர் தலையில் விழுந்துவிட்டால் போதும். கூட்டம், எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளப் பதிவு, நலத்திட்டக் கணக்கு என்று பாடவேளைகள் கரைந்துவிடும். பதிவேட்டில் மட்டும் அவர் இருப்பார்.

புதிதாக வருபவர்களும் குறைவுதான். பி.எஸ்சி. 3 ஆண்டு, பி.எட். 2 ஆண்டு, பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. 2018 அரசாணைக்குப் பிறகு அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு வேறு. கணக்கில் கெட்டிக்காரர் அதற்குள் வங்கிக்கோ ஐ.டி.க்கோ போய்விடுகிறார். வேலை கிடைத்து வட மாவட்டங்களுக்கு வரும் தென் மாவட்டத்துக்காரர்கள் இடமாறுதல் கலந்தாய்வுக்குக் காத்திருந்து சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2022-ல் 13,331 காலியிடங்களைப் பெற்றோர்கள் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவெடுத்தபோது, பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் அறிவித்த சம்பளம் மாதம் 10,000 ரூபாய். டவுனில் வீட்டிலேயே டியூஷன் எடுத்தால் அதைவிடக் கூடவே வரும்.

ஆசிரியர் இல்லை என்று தெரிந்ததும், முடிந்தவர்கள் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம், அதாவது ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற முடிவு. எண்ணிக்கை குறைந்தால் இருக்கும் ஆசிரியரும் 'உபரி' ஆகி வேறு பள்ளிக்குப் போவார். மிஞ்சுவது வேறு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள்.

பெற்றோர்கள் எட்டாம் வகுப்பிலிருந்தே இதைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பில் கேட்டால் தேர்ச்சி விகிதத்தைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கால அட்டவணையைக் கேளுங்கள். கணக்குப் பாடவேளையில் உண்மையில் யார் வகுப்புக்கு வருகிறார் என்று பிள்ளையிடமும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தீர்மானம் போட்டு மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். நிரந்தர ஆசிரியர் உடனே வந்துவிட மாட்டார். ஆனால் பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரம் இரண்டு நாள் மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பச் சொல்லிக் கேட்க முடியும். மனுவில் 'ஆசிரியர் இல்லை' என்று மொத்தமாக எழுதாமல், எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த மாதத்திலிருந்து நடக்கவில்லை என்று குறிப்பிடுங்கள்.