மெதுவாகப் போகவே விடாத மேடு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் டெவன் கவுன்டியில் பெரிய மலை என்று எதுவும் கிடையாது. டார்ட்மூரின் உச்சியான ஹை வில்ஹேஸே வெறும் 621 மீட்டர்தான். ஆனால் லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ குரோட்ஸ் வரை பிரிட்டனை நீளவாக்கில் சைக்கிளில் கடப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஸ்காட்லாந்து மலைகள்கூடப் பரவாயில்லை, ஆரம்பத்திலேயே வரும் கார்ன்வாலும் டெவனும்தான் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டன என்று பலர் சொல்வார்கள். கேட்பதற்குப் புலம்பல் மாதிரிதான் இருக்கும். கணக்குப் போட்டால் நியாயம் தெரியும்.

ஆள், சைக்கிள், கேரியரில் தொங்கும் பைகள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு பழக்கமுள்ள ஒருவர் மணிக்கணக்கில் விடாமல் மிதித்தால் 150 வாட் அளவுக்குச் சக்தி தர முடியும். இவரைக் கொண்டுபோய் பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையின் புகழ்பெற்ற ஆல்ப் துவேஸ் ஏற்றத்தில் விடுவோம். 13.8 கிலோமீட்டர் நீளம், சராசரிச் சரிவு 8.1 சதவீதம், அதாவது 100 மீட்டர் முன்னால் போனால் 8 மீட்டர் மேலே. 150 வாட்டை வைத்துக்கொண்டு இதில் மணிக்கு 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலான வேகத்தில் ஏறலாம். உச்சிக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டுமே. மூச்சு சீராக இருக்கும், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகலாம்.

அதே ஆளை இப்போது டெவனின் ஒரு 20 சதவீத ஏற்றத்தில் விடுங்கள். 150 வாட்டில் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான் வரும். அந்த வேகத்தில் சைக்கிள் சாயாமல் நிமிர்ந்து நிற்காது. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பி, சாய்கிற உடம்புக்கு அடியில் சக்கரத்தைக் கொண்டுவந்துதான் நாம் விழாமல் ஓட்டுகிறோம். நமக்கே தெரியாமல் நொடிக்கு நொடி இது நடக்கிறது. வேகம் குறையக் குறைய ஹேண்டில்பாரை இன்னும் அதிகமாகத் திருப்ப வேண்டும், 4, 5 கிலோமீட்டருக்குக் கீழே போனால் வண்டி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும், நெளிவதற்கோ டெவனின் சந்துச் சாலையில் மூன்று மீட்டர் அகலம் இருந்தாலே பெரிய விஷயம். சரி, குறைந்தது 5 கிலோமீட்டர் வேகத்தையாவது பிடித்துக்கொள்வோம் என்றால் அதற்கு 275 வாட் வேண்டும். ஆல்ப்ஸில் நீங்கள் உங்கள் சௌகரியத்துக்கு மெதுவாகப் போகலாம். டெவனில் மேடு சொல்கிற வேகத்தில் போக வேண்டும், இல்லையென்றால் இறங்கித் தள்ள வேண்டும்.

275 வாட் ஒன்றும் அசாத்தியமில்லை, சில நிமிடங்களுக்கு. மூச்சில் வரும் ஆக்சிஜன் போதாத மிச்சத்துக்குத் தசை தன் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீரும், மெதுவாகத்தான் நிரம்பும். தொல்லை இங்கேதான். மேடு ஏற நாலு நிமிடம், இறங்க ஒரு நிமிடம், அப்புறம் உடனே அடுத்த மேடு. முதல் மேட்டில் செலவானதை உடம்பு ஈடுகட்டி முடிப்பதற்குள் இரண்டாவது வந்து நிற்கும். மத்தியானம் ஆவதற்குள் கால் கெஞ்சுவது இதனால்தான், மொத்தம் ஏறிய உயரத்தைப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

கியர் உதவுமா? நிச்சயம் உதவும், ஆனால் கியர் வாட்டைக் குறைப்பதில்லை, பெடலில் விழும் அழுத்தத்தை மட்டும்தான் குறைக்கும். முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.36 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மேலே சொன்ன 5 கிலோமீட்டர் வேகம் கிடைத்துவிடும், 20 சதவீத மேட்டில் பெடலில் சராசரியாக 25 கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். ரேஸ் சைக்கிள்போல முன்னால் 34, பின்னால் 28 வைத்திருந்தால் அதே மேட்டில் சராசரி அழுத்தம் 48 கிலோ. பெடல் முன்பக்கம் கிடையாக இருக்கும் கணத்தில் அது இதைவிட மிக அதிகமாக ஏறும், முழங்கால் முனகுவது அந்தக் கணத்தில்தான். நாட்டிங்ஹாமில் 1902இல் தொடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப்பை, அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அடங்கிய கியரை நம்பியே பல தலைமுறைகள் இங்கிலாந்தைச் சுற்றியிருக்கின்றன. பின்னால் வந்த அதன் பிரபலமான ஏ.டபிள்யூ. மாடலிலேயே கீழ் கியர் நடுக் கியரைவிட 25 சதவீதம்தான் இலகு. அவர்கள் நிறைய மேடுகளில் இறங்கித் தள்ளியிருப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

செங்குத்து கூடும்போது இன்னொரு வில்லங்கம். எடையெல்லாம் பின்சக்கரத்துக்குப் போய்விடும், பின்னால் பையும் தொங்கினால் கேட்கவே வேண்டாம், முன்சக்கரம் லேசாகி அங்குமிங்கும் அலையும். அதைச் சமாளிக்க எழுந்து நின்று முன்னால் சாய்ந்தால் பின்சக்கரத்தில் பிடிமானம் குறையும். மரக்கிளைகள் கூரைபோல மூடிய சந்தில் நடுவே பாசியும் அழுகிய இலையும் வழவழவென்று கிடக்கும், ஒரு அழுத்தில் டயர் சர்ரென்று வழுக்கிவிடும். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, உட்கார்ந்தபடியே நெஞ்சைத் தாழ்த்தி ஓட்டுவதுதான் வழி.

ஏறினதுக்கு இறக்கத்தில் திரும்பக் கிடைத்துவிடாதா என்று கேட்பார்கள். கிடைக்க வேண்டும். 100 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் ஏறத்தாழ 98,000 ஜூல், 150 வாட் ஆளுக்குப் பதினோரு நிமிட உழைப்பு. நேரான, திறந்த 10 சதவீத இறக்கத்தில் பிரேக்கையே தொடாமல் விட்டால் காற்றின் எதிர்ப்பு தடுத்து நிறுத்தும்வரை மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேலேயே வேகம் ஏறும். டெவன் சந்தில் அதை யார் விடுவார்? இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய கரை, அதன் மேல் வேலிச்செடி. வளைவுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் வருகிறதா, பசுமாடு நிற்கிறதா, எதுவும் தெரியாது. அடிவாரத்தில் பெரும்பாலும் ஓர் ஓடை, அதன் மேல் குறுகலான கல்பாலம், பாலத்துக்கு முன்னால் ஒரு திருப்பம். ஆகவே பிரேக்கைப் பிடித்தபடி மணிக்கு 20 கிலோமீட்டரில்தான் இறங்க வேண்டும். 25 சதவீத இறக்கத்தில் அந்த 100 மீட்டர் உயரம் எழுபது சொச்சம் நொடியில் முடிந்துவிடும். பதினோரு நிமிட உழைப்பு எழுபது நொடியில் வெப்பமாகிறது, 1,300 வாட், இங்கிலாந்து வீடுகளில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலின் சூட்டில் கிட்டத்தட்ட பாதி. பிரேக் கட்டை உரசுவது ரிம்மில், அதாவது சக்கரத்தின் உலோக வளையத்தில் என்றால் சூடு அங்கேதான் சேரும். இரண்டு ரிம்மும் சேர்ந்து ஒரு கிலோ அலுமினியம் என்றால், காற்று குளிர்விக்காவிட்டால் நூறு டிகிரிக்கு மேல் சூடேறும். கீழே வந்து ரிம்மைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

பாலத்தைக் கடக்கும்போது மிச்சமிருக்கும் 20 கிலோமீட்டர் வேகம் அடுத்த மேட்டில் உங்களை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத்தான் தூக்கிவிடும். 40 கிலோமீட்டர் வேகத்தோடு கடக்க முடிந்தால் 6 மீட்டர் வரை ஏறலாம். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு. அந்த ஒரு திருப்பம் பறித்துக்கொள்வது அவ்வளவு.

இப்படிச் சாலை போட்டவர் யார் என்று கோபம் வரலாம். யாரும் திட்டமிட்டுப் போடவில்லை. பனியுகத்துப் பனிப்பாளங்கள் வடக்கே நின்றுவிட்டதால் டெவனின் பெரும்பகுதியில் அவை பள்ளத்தாக்குகளை அகலமாக்கவில்லை, ஓடைகள் அறுத்தபடியே ஒடுங்கிச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் குறுக்கே ஆளும் பொதிக்குதிரையும் நடந்த தடம்தான் இந்தச் சந்துகள். நடப்பவருக்கு நேர்வழிதான் வசதி. குளம்பும் சக்கரமும் தரையை இளக்க, மழை அதை அரித்துக்கொண்டு போக, மென்மையான மணற்கல் உள்ள இடங்களில் சாலை பல மீட்டர் ஆழத்துக்கே புதைந்துவிட்டது. ஆல்ப்ஸில் நெப்போலியன் 1805இல் முடித்த சிம்ப்ளான் சாலை பீரங்கி ஏறுவதற்காகப் போட்டது, அதனால் சரிவு மிதமாகத்தான் இருந்தாக வேண்டும். இங்கிலாந்திலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் குதிரை பூட்டிய கோச் வண்டிகளுக்காகச் சரிவு குறைத்துச் சாலைகள் போட்டார்கள், இன்றைக்கு லாரியும் காரும் ஓடுவது அவற்றில்தான். யாரும் சீர்செய்யாமல் விட்டவை செங்குத்தாகவே கிடந்தன, அதனாலேயே வண்டி வராமல் அமைதியாகவும் கிடக்கின்றன. அமைதி மட்டும் வேண்டும், மேடு வேண்டாம் என்றால் கைவிடப்பட்ட ரயில் பாதைதான் கதி. இல்ஃபிராகூமிலிருந்து பிளிமத் வரை போகும் சுமார் 160 கிலோமீட்டர் சைக்கிள் தடத்தில் நல்ல பங்கு அப்படிப்பட்டதுதான், ரயில் எஞ்சின் 2 சதவீதச் சரிவுக்கே மூச்சுவாங்கும் என்பதால் அந்த எஞ்சினியர்கள் நமக்குத் தெரியாமலே நமக்காக உழைத்திருக்கிறார்கள்.

மற்றபடி கிளம்புமுன் பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாலைக்கோட்டின் மேல் ஒற்றை அம்புமுனை இருந்தால் 14 முதல் 20 சதவீதம், இரட்டை என்றால் அதற்கும் மேல். முனை காட்டுவது இறக்கத்தின் திசையை. பக்கத்து சோமர்செட்டின் போர்லாக்கில் ஏ39 சாலை நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், அதாவது 25 சதவீதத்தில் ஏறுகிறது. அதே ஊரிலிருந்து காட்டுக்குள் வளைந்து போகும் ஒரு பழைய தனியார் சுங்கச் சாலையும் உண்டு, அது பதினாலுக்கு ஒன்று. சைக்கிளுக்கும் சில்லறை வாங்குவார்கள். தாராளமாகக் கொடுங்கள், 150 வாட்டில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் வரும்.