கடிகாரம் தவறினால் தபால் திறக்காது

கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் மின்சாரம் போவது ஒரு செய்தியே அல்ல. அப்படிப் போய்த் திரும்பிய ஒரு மதியம், ராணிப்பேட்டையில் நண்பர் ஒருவரின் தோல் கிடங்கில் நான் ‘சி’ மொழியில் எழுதிக்கொடுத்திருந்த நிரல் முரண்டு பிடித்தது. ஆர்டர் மின்னஞ்சல்களை எடுத்து அச்சிடுவதுதான் அதன் வேலை. திரையில் வந்தது ஒரே ஓர் எண்: 60.

ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க் தொடங்கிய கர்ல் திட்டத்தின் லிப்கர்ல் நூலகத்தைத்தான் (இணையத்தில் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) என் நிரல் பயன்படுத்துகிறது. அதில் அந்த எண்ணுக்குப் பொருள், ‘எதிர்முனையின் சான்றிதழை ஏற்க முடியவில்லை.’ நிரல் பெரிதல்ல. முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் கொடுத்து ‘பெர்ஃபார்ம்’ என்றால் போதும். வருகிற கடிதத்தைத் துண்டு துண்டாக நம் ஃபங்ஷனிடம் தந்துவிடும். முகவரி ‘ஐமேப்’ (சர்வரிலிருந்து மின்னஞ்சலை எடுக்கும் முறை) என்று இல்லாமல் ‘ஐமேப்ஸ்’ என்று தொடங்கினால், 993-ஆம் போர்ட்டில், அதாவது சர்வரின் அந்த எண்ணுள்ள வாசலில், அஞ்சலின் முதல் பைட்டுக்கு முன்பே மறையாக்கப் பேச்சு, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் பேச்சு, தொடங்கிவிடும். ‘ஐமேப்’பின் பழைய 143-ஆம் போர்ட்டில் பேச்சு வெளிப்படையாகத் தொடங்கி, நடுவில்தான் பூட்டப்படும். அதற்கு லிப்கர்லில் ‘ட்ரை’ என்றொரு அமைப்பு உண்டு: பூட்டு கிடைக்காவிட்டால் கடவுச்சொல்லைத் திறந்தபடியே அனுப்பிவிடும். எனக்கு அந்த வழியே வேண்டாம்.

பூட்டுவது எப்படி? நம் கணினி ஓர் எண்ணை ரகசியமாகத் தேர்ந்து, அதிலிருந்து கணக்கிட்ட இன்னொரு மதிப்பை மட்டும் அனுப்புகிறது. சர்வரும் அப்படியே. தன் ரகசியத்தையும் மற்றவரிடமிருந்து வந்த மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே விடை கிடைக்கும். அதிலிருந்துதான் சாவி பிறக்கிறது. கம்பியில் அந்தச் சாவி ஒருமுறைகூடப் பயணிப்பதில்லை. வழியில் ஒட்டுக் கேட்பவருக்கு இரண்டு மதிப்புகளும் கிடைக்கும், ஆனால் அவற்றிலிருந்து சாவியைக் கண்டுபிடிக்க நடைமுறையில் வழியில்லை. டிஃபி, ஹெல்மேன் இருவரும் 1976-இல் வெளியிட்ட யோசனை இது.

சரி, அந்தச் சாவியை யாரோடு சேர்ந்து செய்தோம்? நடுவில் ஒருவன் நின்று, நம்மோடு ஒன்றும் சர்வரோடு ஒன்றுமாக இரண்டு சாவிகள் செய்துகொண்டால் பூட்டு உறுதிதான், திருடன் கையில் இருக்கிறது. அதற்காகத்தான் சர்வர் தன்னை யாரென்று காட்டும் சான்றிதழ். நம் கணினி மூன்று கேள்விகள் கேட்கிறது: இதில் கையெழுத்திட்டவர் என் நம்பிக்கைப் பட்டியலில் உள்ளவர் வரை போய்ச் சேர்கிறாரா? நான் அழைத்த சர்வரின் பெயர் இதில் இருக்கிறதா? இன்றைய தேதி இதன் காலத்துக்குள் வருகிறதா?

மூன்றாவது கேள்வியில்தான் நாங்கள் விழுந்தோம். கிடங்கில் அந்த நிரல் ஓடியது ஒரு சின்னப் பலகைக் கணினியில். அதில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் அதன் நாட்காட்டி 1970 ஜனவரி 1-க்குப் போய்விட்டது. சர்வரின் சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை.

“அண்ணா, வெரிஃபைபியரைப் பூஜ்யமாக்கினால் ஓடிவிடும் என்று போட்டிருக்கிறார்கள்” என்றான் கிடங்கில் கணக்கு பார்க்கும் தம்பி, கைபேசியை நீட்டி. சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லும் லிப்கர்ல் அமைப்பு அது. ஓடும்தான், அதுதான் ஆபத்து. மறையாக்கம் அப்படியே இருக்கும், பிழை மட்டும் மறைந்துவிடும். ‘சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைக் கேலி செய்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டாம். சரிபார்ப்பை அணைத்த இணைப்பும் அந்தக் கோட்டை போலத்தான்: அகழி, மதில் எல்லாம் உண்டு, உள்ளே இருப்பது யாரென்று மட்டும் தெரியாது.

சரிபார்ப்பை நான் தொடவில்லை. கணினி இணையத்திலிருந்து நேரத்தை வாங்கிய பிறகே நிரல் தொடங்கும்படி மாற்றினேன். மறுநாள் பொத்தான் பேட்டரியோடு ஒரு சிறு கடிகாரச் சில்லையும் பொருத்தினேன்.

அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு தம்பி போன் செய்தான். 60 வரவில்லையாம், அச்சிடத் தாள்தான் தீர்ந்துவிட்டதாம்.