தொலையியக்க நிலையம்: சொல்லும் பொருளும்

பெங்களூரின் அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் பெற்றுப் பணப்பயன் கருதாமல் வானொலிக் கருவி வழியே பிறரோடு பேசுபவர்கள், ‘ரிமோட் ஸ்டேஷன்’ என்கிறார்களே, அதற்குப் பொருள் எளிது: வானொலிக் கருவியும் ஆன்டெனாவும் ஓரிடத்தில் இருக்கும், இயக்குபவர் வேறிடத்தில் இருப்பார். அடுக்ககங்களில் எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் சார்ஜரும் கிளப்பும் இரைச்சலில், 7 மெகாஹெர்ட்ஸில் வரும் மெல்லிய குரல்கள் அமுங்கிப்போகின்றன. அந்த அலைவரிசைக்கு வேண்டிய 20 மீட்டர் நீளக் கம்பியைக் கட்ட மொட்டை மாடியில் இடமும் கிடைப்பதில்லை. ஆகவே எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருப்பவர் ஆனேக்கல் பக்கத்துத் தோப்பில் நிலையத்தை அமைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே பேசலாம்.

‘ரிமோட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘அப்பால் நகர்த்தப்பட்டது’ என்பது வேர்ப்பொருள். தொலைபேசி, தொலைக்காட்சி வரிசையில் ‘தொலை’ இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. ‘தானியங்கி நிலையம்’ என்று எழுதுவது பிழை. இந்த நிலையம் தானாக இயங்குவதில்லை. உரிமம் பெற்ற ஒருவர் ஒவ்வொரு கணமும் இயக்குகிறார். அதனால் ‘தொலையியக்க நிலையம்’ என்பதே சரி.

‘அமெச்சூர்’தான் சிக்கலான சொல். லத்தீனில் ‘அமாத்தோர்’ என்றால் நேசிப்பவர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாடகத் துறையில் இதற்குப் ‘பயில்முறை’ என்ற சொல் உண்டு. வானொலிக்கு அதைச் சொன்னால் பயிற்சி நிலையம் என்று தோன்றிவிடும். ‘பொழுதுபோக்கு வானொலி’ என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தேர்வெழுதி, மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சகத்திடம் உரிமம் வாங்கி, 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியவர்களின் துறை அது. சர்வதேச வானொலி விதிகளும் தற்பயிற்சி, தகவல் பரிமாற்றம், தொழில்நுட்ப ஆய்வு ஆகியவற்றைப் பணப்பயன் கருதாமல் செய்யும் சேவை என்றே வரையறுக்கின்றன. நமக்கு ‘ஆர்வலர்’ இருக்கிறது. ‘ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்னும் 71ஆம் குறளில் அதற்கு அன்புடையவர் என்று பொருள். லத்தீன் வேரின் பொருளும் அதுவே. ஆர்வலர் வானொலி என்போம்.

இவர்களைக் குறிக்கும் ‘ஹாம்’ என்பது திறமை குறைந்த தந்தி ஊழியரைக் கேலி செய்யப் பிறந்த சொல். மூவர் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்தது என்ற கதைக்கு ஆதாரமில்லை.

வீட்டையும் நிலையத்தையும் சேர்ப்பது ‘வயர்லெஸ் லிங்க்’, அதாவது கம்பியில்லா இணைப்பு. 5.8 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறு டிஷ்கள் இரண்டு எதிரெதிரே நிற்கும். கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை செல்லும் பாதை நடுவில் பருத்திருக்கும். அதை ஃபிரெனல் மண்டலம் என்பார்கள். 5 கிலோமீட்டர் தொலைவுக்கு நடுப்பகுதியின் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். வழியில் ஒரு தைலமரத் தோப்பு இருந்தால், டிஷ் மாட்டிய நாளில் நன்றாக இருந்த சிக்னல் மரம் வளர வளரத் தேயும். குரலை அனுப்ப அதிக வேகம் தேவையில்லை. தாமதம் குறைவாக இருப்பதே முக்கியம், மோர்ஸ் என்னும் புள்ளி-கோடு தந்திக் குறியீட்டை அடிப்பவருக்கு இன்னும் முக்கியம்.

பேசிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் கருவி அலைபரப்பிக்கொண்டே நிற்கக் கூடாது. இணைப்பு போன சில நொடிகளில் அலைபரப்பைத் தானே நிறுத்தும் டைமர் ஒன்றை நிலையத்தின் முனையில் கட்டாயம் வைக்க வேண்டும். மின்சாரத்தை அடியோடு துண்டிக்கும் ரிலே என்னும் மின்சுவிட்சை வேறொரு வழியில், ஒரு செல்பேசி இணைப்பிலாவது, இயக்க முடிய வேண்டும். இவை இல்லாத நிலையத்தைத் தொலையியக்க நிலையம் என்று நான் சொல்ல மாட்டேன்.